வெள்ளை வண்டிக்குப் பிரஷர் இருநூற்றெண்பது

பஞ்சு,

நாலு பேர் இருக்கும் இடத்தில் "ஏங்க" என்றும் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பஞ்சு என்றும் கூப்பிட்டு முப்பது வருஷம் ஓட்டியாயிற்று. கடிதத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இதற்கு முன்னால் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. நீங்கள் எங்கே போனீர்கள், கிளினிக்குக்கும் வண்டிக்கு அடியிலும்தானே.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதோடு என் படிப்பு நின்றுவிட்டதால் அடுத்து என்ன எழுதச் சொன்னார் என்று தெரியாது. நான் நலம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் நீங்கள் கவலைப்படுவீர்கள். அதனால் என் மூட்டு வலி நலம் என்று எழுதிக்கொள்கிறேன், அது ஒன்றுதான் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. உங்கள் நலத்தைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் உங்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

நீங்கள் போய் இன்றோடு எழுபத்தொரு நாள். கிளினிக்கில் பஞ்சு எடுக்க அலமாரியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள், பிரஷர்தான் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கிளினிக்கில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, வந்தவன் போனவன் கையிலெல்லாம் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்த கம்பவுண்டருக்கே பிரஷர் என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது. அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடையில் பிரித்துத் தைக்க வைத்திருந்த எட்டுக் கால்சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆறு மணி நேரப் பயணம், பெரிய மருந்துக் கம்பெனி, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறாள், உங்கள் வெள்ளை வண்டியில். "அப்பா எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே குடும்மா, ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்று அவள் கேட்டபோது நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். ஆட்டி முடித்த பிறகுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. உங்களிடமிருந்து அவளுக்கு வந்தது இரண்டு, முன்பல் நடுவில் இருக்கும் சந்தும், எதையும் வாயைத் திறந்து சொல்லாமல் வைத்துக்கொள்ளும் குணமும். அதனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்கியதும், நான் "இதுக்கு நடந்தே போயிருக்கலாம், நடந்தா ஜன்னலாவது ஆடாம இருக்கும்" என்று சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு நீங்கள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மீன்தொட்டியில் இருந்த அந்தக் குட்டி வால்வைக் கழற்றிக்கொண்டு போய் பானட்டைத் திறந்து அரை நாள் உள்ளே கிடந்தீர்கள். வெளியே வந்து, "டர்போவுக்கு பூஸ்ட் ஏத்தியிருக்கேன், இனிமே இது வண்டி இல்ல, விமானம்" என்றீர்கள். கிளினிக்கில் கழித்துப்போட்ட பிரஷர் மெஷினின் வட்ட முகத்தையும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டி, அதற்கு ஒரு ரப்பர் குழாய் கொடுத்தீர்கள். வண்டிக்குப் பிரஷர் பார்க்கும் ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான் என்று உங்கள் அண்ணனிடம் நான் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டில் வண்டி ஏறியபோது அந்தச் சத்தம் வந்தது. ஃப்யூஊஊ என்று மெல்லிசாக ஆரம்பித்து, மேட்டின் உச்சிக்கு வரும்போது கூர்மையாகி, முடிகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ந்த மாதிரி ட்ச் என்று நிற்கும். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மெதுவாப் போங்க" என்றேன், மேடு தாண்டியதும் "இப்பத்தான் வண்டிக்கு உயிர் வந்திருக்கு" என்றேன். உங்கள் காது இரண்டும் சிவந்துவிட்டன. அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அந்த மேடு, அந்தச் சத்தம். மேட்டில் மட்டும் நான் என்ன கேட்டாலும் நீங்கள் பதில் சொன்னதில்லை. முகத்தைக்கூட உங்கள் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வீர்கள். வண்டிமேல் அவ்வளவு கவனம் என்று நானும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வால்வு போனதில் கஷ்டப்பட்டது மேனேஜர்தான். தொட்டியை மேலும் கீழும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருப்பதால் நீங்கள் பெயர் வைத்தீர்களே அந்த ஆரஞ்சு மீன். மோட்டாரிலிருந்து வரும் காற்றைக் குறைக்க வால்வு இல்லாததால், ட்யூபில் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டி, "புதுசு வாங்கிடலாம்" என்று இரண்டு வருஷம் சொன்னீர்கள். நீங்கள் போன இருபதாம் நாள் கிளிப் உடைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி கொதிக்கிற உலை மாதிரி இருக்கிறது, மேனேஜர் ஒரு மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். வீட்டில் இன்னொரு உயிரும் போக வேண்டுமா என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. புதுக் கிளிப் மாட்டியிருக்கலாம். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. நேராகப் போய் பானட்டைத் திறந்தேன், அந்த நீல வால்வு ரப்பர் குழாய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மூன்று மூக்கு. ஒரு மூக்கில் காற்று வரும், இன்னொன்றில் போகும், திருகைத் திறந்தால் மூன்றாவது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வெளியே கசிந்துவிடும். பிடுங்கிக்கொண்டு வந்து தொட்டியில் மாட்டினேன். மாட்டியவுடன் குமிழி கொஞ்சம்கூடக் குறையவில்லை, வால்வு கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து திருகைப் பிடித்துத் திருப்பினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று யார் எண்ணினார்கள், மேனேஜர் மூலையை விட்டு வெளியே வந்து வாலை ஆட்டும் வரை திருப்பினேன். அவர் வெளியே வந்துவிட்டார். நானும் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வால்வைத் திருப்பும்போது உங்கள் விரல் கடைசியாக வைத்துவிட்டுப் போன அளவைத்தான் அழிக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டேனா. வண்டியில் அந்த ரப்பர் குழாய் இரண்டு துண்டாக வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. தூசி உள்ளே போய்விடுமே என்று இரண்டு நுனியையும் மடித்து, உங்கள் பையிலிருந்த பேண்டேஜ் துணியைச் சுற்றி, மேலே நான் கால்சட்டை மடிக்கும் நூலால் இறுக்கிக் கட்டினேன். நல்ல கட்டு. நீங்கள் பார்த்திருந்தால் கிளினிக்குக்கு என்னையும் வேலைக்குக் கூப்பிட்டிருப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அண்ணன் வந்தார். பிள்ளை அவ்வளவு தூரம் ஓட்டிப் போகிறாள், வண்டி எப்படி இருக்கிறது என்று தான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றார். நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், மூன்றாவது கியரை ஆடம்பரம் என்று நினைப்பவர், அவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. நான் பக்கத்தில், மகள் பின்னால். கண்ணாடியைச் சரி செய்ய ஐந்து நிமிஷம், சீட்டைச் சரி செய்ய ஐந்து நிமிஷம், அப்புறம் பெல்ட் போடுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பாடம். தெருவில் போகும்போது ஒரு நாய் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. வண்டி இழுக்கவில்லையே என்று உங்கள் அண்ணன் காலைக் கொஞ்சம் அழுத்தினார். கொஞ்சம்தான். முதலில் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஆயிற்று. என் முதுகு சீட்டுக்குள் புகுந்துவிட்டது. ஒரு ஸ்கூட்டரைத் தாண்டினோம், ஒரு ரொட்டி வேனைத் தாண்டினோம், உங்கள் அண்ணனிடமே படித்து இப்போது சொந்த ஸ்கூல் வைத்திருப்பவருடைய பயிற்சி வண்டியைத் தாண்டினோம், அந்த ஆள் பழைய வாத்தியாரைப் பார்த்துவிட்ட மரியாதையில் எழுந்து வணக்கம் வைக்கப் போய்த் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். பிரஷர் மெஷின் முள் முந்நூறு வரை போய், அதற்கு மேல் எண் இல்லாததால் அங்கேயே முட்டி வளைந்து, கண்ணாடி பட்டென்று தெறித்து உங்கள் அண்ணன் மடியில் விழுந்தது. பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு நிமிஷம் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பின்னாலிருந்து மகள்தான் அமைதியாக, "பெரியப்பா, காலை எடுங்க" என்றாள். எடுத்தார். எடுத்து, மேட்டுக்கு மேலே புது வீடு கட்டுகிறார்களே, அங்கே குவித்து வைத்திருந்த மணலில் வண்டியை மெத்தையில் படுக்க வைப்பதுபோல ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி மணலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"ஏம்மா, என் தம்பி சாகல. பானட்டுக்குள்ளதான் இருக்கான்."

அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வந்தால் வண்டி நிற்கும் பக்கமாக வராமல் பின்வாசல் வழியாக வருகிறார். வந்தவுடன் குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கான்" என்று கேட்கிறார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உங்களுக்குப் பிடித்த அதே ஆள்தான், கண்ணாடியில் ஒரு பக்கம் வில்லை உடைந்துபோய் மறுபக்கத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கிறாரே, ஒத்தக் கண்ணாடி. பானட்டைத் திறந்தார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "யாருக்குக்கா அடிபட்டுச்சு" என்றார். நான் கட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்கே திருப்பி ஊட்டுகிறது. அதுதான் டர்போ, அழுத்தும் காற்றுதான் பூஸ்ட். காற்று கூடிப்போனால் இஞ்சின் தாங்காது. அதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதன் பெயர் வேஸ்ட்கேட். அளவு வந்ததும் கதவு திறந்து மிச்சப் புகையைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே அனுப்பிவிடும். எப்போது திறப்பது என்று கதவுக்கு எப்படித் தெரியும், அந்த ரப்பர் குழாய் வழியாக வரும் காற்று ஒரு தகர டப்பியைத் தள்ளும், டப்பி ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி கதவைத் தள்ளும்.

"நீங்க குழாய்க்குக் கட்டுப் போட்டுட்டீங்க. கதவைத் தட்டுறதுக்கு ஆளே இல்ல. அது எப்படிக்கா தொறக்கும்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தையல் மெஷினில் நூலை இறுக்கும் திருகு இருக்கிறது இல்லையா, அதை இறுக்கினால் நூல் அறும், தளர்த்தினால் தையல் தொளதொள என்று போகும், கால் சுற்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அதில்தான் எல்லாமே. நீங்கள் மாட்டிய வால்வும் அந்த மாதிரித் திருகுதான். டப்பிக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தை மூன்றாவது மூக்கு வழியாகக் கசியவிட்டு டப்பியை ஏமாற்றுவது. டப்பி ஏமாந்தால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். "எத்தனை சுத்து தொறந்து வெச்சிருந்தார்" என்று அவர் கேட்டார். நான் ஜன்னல் வழியாக மீன்தொட்டியைப் பார்த்தேன். மேனேஜர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

வால்வே வேண்டாம், குழாயை நேராக இணைத்துவிடலாம், கம்பெனி கொடுத்த மாதிரி இருக்கும், பிள்ளைக்கும் பத்திரம் என்றார் ஒத்தக் கண்ணாடி. நியாயமான பேச்சுதான். ஆனால் கம்பெனி கொடுத்தது எனக்கு எதற்கு. நீங்கள் வைத்தது எனக்கு வேண்டும். வீட்டில் நீங்கள் வைத்த இடத்தில் இருந்த சாமான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிவிட்டது, சட்டை மடிப்புக் கலைந்துவிட்டது, உங்கள் சோப்பு கரைந்துவிட்டது, அதை நான்தான் கரைத்தேன். அந்தத் திருகு ஒன்றுதான் நீங்கள் வைத்தபடியே இருந்தது, அதையும் ஒரு மீனுக்காகத் திருப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அளவைக் கண்டுபிடித்துப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் உடையாத பக்கத்துக் கண்ணாடியால் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

எங்கேயாவது எழுதி வைத்திருப்பீர்கள் என்று கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் வழக்கம்போலத் தலையைத் தூக்கவில்லை. பிரஷர் நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, நோயாளிகள் வரிசையிலேயே, உங்கள் கையெழுத்தில், "வெள்ளை வண்டி, வயது இருபத்தெட்டு, பிரஷர் இருநூற்றெண்பது." பக்கத்தில் டாக்டர் கையெழுத்து. முதல் மாதம் உப்பைக் குறைக்கவும் என்று எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் மாத்திரை இரண்டு வேளை. அதற்கடுத்த மாதம் மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, தினமும் நடக்கவும். இருபத்து மூன்று மாதமாக இருநூற்றெண்பது குறையவே இல்லை, டாக்டரும் விடவில்லை. நான் அந்த வரியைக் காட்டி இது என்ன அளவு என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "ரொம்ப சீரியஸ் கேஸ். இப்ப எப்படி இருக்கார்" என்றார். ஓடிட்டுத்தான் இருக்கு என்றேன். "ஓட வேண்டாம், நடந்தாப் போதும்னு சொல்லுங்க" என்றார்.

நோட்டை மூடுவதற்கு முன்னால் உங்கள் பெயரையும் தேடினேன். ரொட்டிக் கடைக்காரர் பெயர் இருக்கிறது, தபால்காரர் பெயர் இருக்கிறது, என் பெயர் நாலு இடத்தில் இருக்கிறது, வண்டி இருபத்து மூன்று தடவை இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. எனக்குப் படிப்பு குறைவு, விட்டுப்போயிருக்கும் என்று மூன்று தடவை புரட்டினேன். உலகத்துக்கெல்லாம் பட்டை சுற்றினீர்கள், ஒரு தடவை உங்கள் கையில் சுற்றியிருந்தால் என்ன, பஞ்சு. சரி, இதையும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இருநூற்றெண்பது என்றதும் ஒத்தக் கண்ணாடி மண்டையைச் சொறிந்தார். அது வால்வே இல்லாமல் கம்பெனி வண்டியில் வருகிற அளவுதான் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் எந்த நோயாளி உண்மையைச் சொன்னான், நீங்களும் குறைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். இருநூற்றெண்பதில் அந்தச் சத்தம் வருமா. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. முள் நீங்கள் மட்டும் பார்த்தது. சத்தம் நான் கேட்டது. இரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்ட காது இது, கடையில் ஆறு மெஷின் ஓடும்போது எதில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லும் காது. சத்தம் வரும் இடத்தில் திருகை நிறுத்தினால் போதும், அதுதான் உங்கள் அளவு.

சனிக்கிழமை காலை. மேனேஜருக்குப் புதுக் கிளிப் மாட்டிவிட்டு, வால்வை மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டேன். ஒத்தக் கண்ணாடி அதைக் குழாயில் மாட்டி, கிளினிக்கில் கொடுத்த இன்னொரு பிரஷர் முகத்தையும் மாட்டினார். அவர் ஓட்ட, நான் என் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மகள் பின்னால். கால் சுற்றுத் திறந்து மேட்டில் ஏறினோம். வண்டி உறுமியது, அந்தச் சத்தம் இல்லை. கீழே வந்து அரைச் சுற்று. முள் முந்நூறைத் தொட்டது, அந்தச் சத்தம் இல்லை. முக்கால். ஒரு சுற்று. மணல் குவியலுக்குக் காவல் இருக்கும் ஆள் எங்களைப் பார்த்ததும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஒன்றே கால் சுற்றில் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி கடகட என்றது. "அக்கா, இதுக்கு மேல போனா இஞ்சின் கையில வந்துடும்" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். வேண்டாம் என்றார். இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்றேன். ஆறாவது தடவை இறங்கி வந்தபோது அவர் பதில் சொல்லாமல் இறங்கி, பானட்டைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தார். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அளவு போய்விட்டது, என்னால்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஏழாவது தடவையாகக் கண்ணை மூடினேன். மேடு ஆரம்பித்தது. பாதி ஏறியிருப்போம்.

ஃப்யூஊஊ.

மெல்லிசாக ஆரம்பித்தது. உச்சியில் கூர்மையானது. கடைசியில் அந்த ஒரு சொட்டு, ட்ச். பஞ்சு, என் கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "மெதுவாப் போங்க" என்று சொல்லிவிட்டேன். "மெதுவாத்தான்க்கா போறேன்" என்றார் ஒத்தக் கண்ணாடி. நான் அவரிடம் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்தி, இதுதான், இதேதான், எத்தனை சுற்று என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "அக்கா, போதும்னு வால்வை முழுசா மூடிட்டேனே. இப்ப ஒரு சுத்தும் இல்ல" என்றார். மேட்டில் முள்ளும் இருநூற்றெண்பதில்தான் நின்றது என்றார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தொட்டியில் மாட்டியவுடன் குமிழி குறையாதது எதனால் என்றால் வால்வு மூடியிருந்தது. டாக்டரிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை. விமானம் என்று எங்களிடம் பெருமை அடித்துவிட்டு, பக்கத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று திருகைத் திறக்காமலே வைத்திருக்கிறீர்கள். கம்பெனி கொடுத்த அளவும் நீங்கள் வைத்த அளவும் ஒன்றுதான், நான்தான் அதைத் தேடி ஒரு வாரம் ஊரையே படுத்திவிட்டேன். ஒத்தக் கண்ணாடி மட்டும், மூடிய வால்வில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே பானட்டுக்குள் தலையை விட்டார். உங்களுக்குக் காது போதாது என்று சொல்லிவிட்டேன். பின் சீட்டில் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, கணக்குச் சரியாகிவிட்டது. நீங்கள் வைத்தபடியே வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்கிறேன், நான் செய்த தப்புக்கு இனி மன்னிப்புத் தேவையில்லை. திருகுமேல் என் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து ஒட்டிவிட்டேன், இனி யாரும் திருப்ப முடியாது, நான் உட்பட. ஞாயிறுதோறும் எங்கேயாவது ஒரு மேட்டில் ஏறும்போது போனைப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்க வைக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினாள். உங்கள் அண்ணன் உங்களை விசாரித்ததாக, பின்வாசலில் நின்றபடி, எழுதச் சொன்னார். ஒத்தக் கண்ணாடியின் வணக்கம். டாக்டர் நடக்கச் சொன்னார். மேனேஜர் நலம், உடம்பு இறுகிக் கட்டுமஸ்தாக இருக்கிறார். இந்தக் கடிதத்தை வண்டியின் முன்பெட்டியில், நீங்கள் வைத்த பஞ்சுச் சுருளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அங்கே இருக்கிற நீங்கள் பிள்ளையின் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மேட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து சீட்டு

பின்குறிப்பு: இதை பானட் மேல் வைத்து எழுதுகிறேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத்து ஆடினால் அது என் கை இல்லை. முன்பெட்டியைத் திறந்து கடிதத்தை வைக்கப் போனேன், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல ஊதணும்னா ஊதறேன். ஆனா வண்டி ஊதுச்சுன்னு நீ நம்பிட்டு இருக்காதே" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, அந்தப் பல் சந்து வழியாக ஊதினாள். ஃப்யூஊஊ. ட்ச். நேற்று ஏழாவது தடவை வந்தது இதுதானாம். நான் அழப்போகிறேன் என்று நினைத்து ஊதினாளாம். உங்களிடம் கற்றதாம். வால்வு மாட்டிய முதல் நாளே நீங்களும் அவளும் போய் ஒன்றே கால் சுற்றுத் திறந்து பார்த்து, இஞ்சின் கடகடத்து, பயந்து மூடிவிட்டீர்களாம். "தொறந்தா இஞ்சின் போயிடும், மூடினா உங்கம்மா முன்னாடி மானம் போயிடும்" என்று சொன்னீர்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நீங்களேதான் ஊதினீர்களாம், இரண்டு வருஷம், ஒரு வாரம்கூட விடாமல்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று சொல்லிக்கொண்டு வந்தேனே. எப்படிச் சிரிக்காமல் இருந்தீர்கள், பஞ்சு?